என் பெயரில் இரண்டு இரத்த அறிக்கைகள்

பிள்ளை வேகமாக ஓடுவதற்கு என்ன குளிசை, என்ன மாத்திரை கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வருடத்துக்கு ஐந்தாறு பெற்றோராவது என்னிடம் வருவார்கள். நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. போட்டிக் காலம் நெருங்கினால் இவர்களின் தொல்லை தாங்காது. ஏதோ ஒரு போத்தலின் படத்தை ஃபோனில் எடுத்து என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டுவார்கள். விற்றமின் டி, ரீச்சர், இதைப் போட்டால் காலுக்கு நல்ல பலமாமே என்பார்கள். குறைவாக இருக்கிற பிள்ளைக்கு அது மருந்து, குறைவில்லாத பிள்ளைக்கு அது சும்மா எண்ணெய், முதலில் இரத்தத்தைப் பாருங்கள், பிறகு பிள்ளையைக் கொஞ்சம் வெயிலில் விடுங்கள் என்பேன். வெயிலா, கறுத்துப்போவாளே என்று முகத்தைச் சுளிப்பார்கள். அப்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நாலு பேர் முன்னால் கத்தியும் இருக்கிறேன். விசர் ரீச்சர் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அது எனக்குத் தெரியாது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையில் அந்தத் தாய்மாரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் கோபம் பதினேழு வயதில் பஸ்ஸில் இருந்துகொண்டு இரண்டு கடதாசிகளை மாறி மாறிப் பார்த்த ஒருத்தியில்தான்.

போரின் கடைசி வருடங்கள் அவை. கடலைப் பார்த்து இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், அம்மாவும் நானும் இருந்தோம். அப்பாவுக்குக் கட்டாரில் வேலை. போரால் வடக்குக்கான தரைப்பாதை பூட்டியிருந்த அந்த நேரத்தில்தான் சின்னம்மாவின் மகள் யாழ்ப்பாணத்திலிருந்து பிளேனில் வந்து சேர்ந்தாள். சின்னம்மா காய்ச்சலில் செத்து இரண்டு வருடமாகியிருந்தது. சித்தப்பா கனடாவில். அவளை அங்கே கூப்பிடுவதற்குப் பத்திரங்கள் எல்லாம் போட்டிருந்தார். விசா வரும்வரை எங்களோடு இருக்க வேண்டும், மூன்று மாதம்தான் என்றார்கள். மூன்று மாதம் ஒன்றரை வருடத்தையும் தாண்டியது.

என்னைவிட ஏழு மாதம் இளையவள். ஒரே ஒரு பையோடு வந்தாள். அதற்குள் உடுப்புகளுக்கு நடுவில் மடியாமல் இருக்கக் கொப்பி மட்டையில் வைத்து ஒரு சான்றிதழ் கொண்டுவந்திருந்தாள். எண்ணூறு மீற்றர், முதலிடம். நானும் எண்ணூறு மீற்றர்தான் ஓடுகிறவள். உன்ர நேரம் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு நிமிடம் இருபத்துமூன்று செக்கன் என்றாள். என்ன சப்பாத்து என்று கேட்டேன். சிரித்தாள். குறுணிக் கல் நிலத்தில் வெறுங்காலோடு ஓடினாளாம். அப்பா அனுப்பிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நல்ல மைதானத்தில் ஓடிய எனக்கு அப்போது இரண்டு நிமிடம் முப்பத்தொன்று. அன்றைக்கு அவளோடு நான் நல்லாகத்தான் கதைத்தேன். ஆனால் அந்த எட்டுச் செக்கன் எனக்குள் முள்ளாகக் குத்தி நின்றுவிட்டது.

வடக்கிலிருந்து கொழும்புக்கு வருகிறவர்கள் பதிய வேண்டும் என்பதால் அவளைப் பொலிசில் பதிந்தோம். பதிந்ததற்குப் பிறகுதான் அம்மாவுக்குப் பயம் கூடியது. யாழ்ப்பாண அடையாள அட்டையோடு ஒரு பெட்டைப்பிள்ளை கடைக்குப் போனால் திரும்பி வருவாளோ என்பது அந்த நாட்களில் சும்மா கேட்கிற கேள்வி இல்லை. எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு தடவை சுற்றிவளைப்பு நடந்தது. அதனால் அவள் வெளியே போகக்கூடாது. பல்கனியில் நிற்கக்கூடாது. முன்வீட்டில் யார் இருந்து பார்க்கிறார்களோ என்று அம்மா தடித்த திரைச்சீலை வாங்கி யன்னல்களுக்குப் போட்டார். பகலிலேயே லைட் போட்டுத்தான் பேப்பர் வாசிக்க வேண்டும். வெளியே வெள்ளவத்தை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். அவள் அந்த ஹோலுக்குள் கதிரையில் இருப்பாள், அறைக்குப் போவாள், திரும்பவும் கதிரைக்கு வருவாள்.

அந்தக் காலத்தில் என் பெயர் எங்கள் வீட்டில் ஒரு பொதுக் குடை. எது வேண்டுமானாலும் அதை விரித்துக்கொள்ளலாம். நான் கொழும்பில் பிறந்தவள், அட்டையில் கொழும்பு விலாசம். அதனால் அவளுடைய ஃபோன் சிம் என் பெயரில். அவளுக்குக் கனடாவிலிருந்து வரும் பார்சல் என் பெயரில். அவள் வாசிக்கிற புத்தகங்களை நூலகத்தில் எடுத்ததும் என் அட்டையில். அவள் பெயர் பொலிஸ் பதிவைத் தவிர வேறு ஒரு கடதாசியிலும் ஏறக்கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம். எங்களைப்போன்ற எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடந்தது. ஒருவரும் இதைப் பிழை என்று நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

ஏழெட்டு மாதம் போக அவளுக்குக் கால் நோகத் தொடங்கியது. முதலில் தொடை, பிறகு இடுப்பு. கதிரையிலிருந்து எழும்பும்போது கைப்பிடியை ஊன்றி எழும்புவாள். படி ஏறும்போது வாத்து நடை நடப்பாள். நானும் அதைப் பகிடி பண்ணியிருக்கிறேன். சும்மா இருந்து இருந்து பஞ்சி பிடிச்சுப்போச்சு, சோம்பேறியாகிட்டாள் என்று அம்மா பேசுவார். பிறகு தானே மனம் கேளாமல் எண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிடுவார்.

அதே நேரத்தில்தான் எங்கள் பயிற்சியாளர் சேர் ஒரு விளையாட்டு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இப்போது ஓட்டக்காரருக்கு விற்றமின் டி பார்க்கிறார்கள், குறைந்தால் தசை சோர்ந்துவிடும், எலும்பும் பலவீனமாகும் என்று டொக்டர் சொல்லி எங்கள் எல்லாருக்கும் இரத்தப் பரிசோதனைக்குத் துண்டு எழுதித் தந்தார். முதல் ரிப்போர்ட் வந்தது எங்கள் குழுவில் ஒரு வெள்ளைத் தோல்காரிக்கு. மூடிய வான் வண்டியில் வந்து அதிலேயே போகிறவள், பயிற்சிக்கே முழுக்கைச் சட்டையும் முகத்துக்குக் கிறீமும் போட்டு வருகிறவள். குறைவு என்று வந்தது. கிழமைக்கு ஒரு குளிசை கொடுத்தார்கள். ஒன்றரை மாதத்தில் அவளுடைய நேரம் நன்றாகக் குறைந்துவிட்டது. பிறகென்ன, எங்கள் எல்லாருக்கும் எங்கள் இரத்தத்திலும் குறைவு வரவேண்டும் என்று ஆசை பிடித்தது. குளிசைக்கு ஏதோ மந்திரம் இருக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் இல்லாததைப் பெற்றாள், எங்களிடம் அது இருந்தது என்ற வித்தியாசம் எங்கள் மண்டைக்கு ஏறவில்லை.

கொட்டாஞ்சேனையில் இரத்தம் பார்க்கிற ஒரு சின்ன லாப். அங்கே அம்மாவோடு முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை செய்த அன்ரி இருந்தார். கத்தோலிக்கர், வாயாடி, அம்மாவுக்கு உயிர்ச் சிநேகிதி. எனக்கு இரத்தம் கொடுக்கப் போகிற நேரத்தில் அவளுக்கும் பார்ப்பம் என்று அம்மா முடிவெடுத்தார். நான் சனிக்கிழமை பயிற்சி முடிந்து நேரே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அவளை அப்படிச் சும்மா கூட்டிக்கொண்டு போக முடியாது. செவ்வாய்க்கிழமை வரை பார்த்திருந்தோம். செவ்வாய் என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு எல்லாச் சனமும் போகும், சைவம், சிங்களம் என்றில்லை. ஆமிக்காரர் ஓட்டோவை மறித்தால் பல்லியட்ட, கோயிலுக்கு, என்று சிங்களத்தில் சொல்லலாம். இரண்டு இடத்தில் மறித்தார்கள். அம்மாவின் மடியில் மெழுகுதிரிப் பை இருந்தது. விட்டுவிட்டார்கள். லாப்பில் அன்ரி அவளிடம் இரத்தம் எடுத்துப் போத்தலில் என் பெயரையே எழுதினார். எது யாருடையது என்று எனக்கு நினைவிருக்கும், நீ பயப்படாதே என்று அம்மாவுக்குச் சொன்னார்.

ரிப்போர்ட் எடுக்க நான்தான் போனேன். அன்ரி அன்றைக்கு லீவு. வேறொரு பெண் என் அட்டையைப் பார்த்துவிட்டு இரண்டு கடதாசியையும் ஒரே உறைக்குள் போட்டுத் தந்தார். பஸ்ஸில் யன்னல் கரையில் இருந்து பிரித்துப் பார்த்தேன். இரண்டிலும் என் பெயர், இரண்டிலும் என் வயது. ஒன்றில் எல்லாம் சரி. மற்றதில் விற்றமின் டி மிக மிகக் குறைவு என்று இருந்தது. இரத்தம் எடுத்த திகதி இரண்டிலும் போட்டிருந்தது. சரியாக இருந்தது சனிக்கிழமை. குறைவாக இருந்தது செவ்வாய்க்கிழமை.

எனக்கு விளங்கியது. விளங்காமல் செய்த பிழை என்று இன்றுவரை என்னாலேயே எனக்குச் சமாதானம் சொல்ல முடியாது. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருமளவும் யோசித்தேன். அவள் எப்படியும் கனடாவுக்குப் போகிறவள், அங்கே இல்லாத டொக்டர்மாரா என்று யோசித்தேன். அந்த இருபத்துமூன்று செக்கனையும் யோசித்தேன். வீட்டுக்குள்ளே இருக்கிறவளுக்குக் கால் எதற்கு என்றும் ஒரு தடவை யோசித்தேன். அந்த எண்ணம் எனக்குள்தான் வந்தது. எத்தனை தரம் கழுவினாலும் போகவில்லை.

அம்மா கதவைத் திறந்ததும் எது உன்ர என்று கேட்டார். செவ்வாய்க்கிழமைக் கடதாசியை நீட்டினேன்.

கிழமைக்கு ஒரு மஞ்சள் குளிசை. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா தண்ணியும் கையுமாக நிற்பார். பாவம் பிள்ளை, இவ்வளவு குறைவோடு ஓடியிருக்கிறாள் என்று எனக்கு முட்டையும் மீனும் வேறு. அவள் எதிர்க் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வாயில் போட்டு விழுங்குவேன். என் நேரம் குறைந்தது என்னவோ உண்மை. அது குளிசையால் இல்லை, குளிசை இருக்கிறது என்ற தைரியத்தில் நான் மாடாகப் பயிற்சி செய்ததால் என்று இப்போது தெரியும். நிறைந்த போத்தலுக்குள் ஊற்றுகிற தண்ணி வெளியேதான் வழியும்.

அவளுக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. கனடாவிலிருந்து சித்தப்பா ஃபோன் எடுத்தபோதும் அம்மா அதையே சொன்னார், இரத்தம் பார்த்தாச்சு, எல்லாம் சரி, பிள்ளைக்குப் பஞ்சிதான் என்று. இரண்டு நாள் கழித்து, அம்மா குளிக்கப் போயிருந்த நேரம், அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"உண்மையா எனக்கு ஒண்டுமில்லையோ? எலும்புக்குள்ளால நோகுது."

"ரிப்போர்ட்டில இருக்குத்தானே. ஒண்டுமில்லை. எழும்பி ஓடினா எல்லாம் சரியா வரும்," என்றேன்.

அவள் என்னை நம்பினாள். ஓட்டக்காரிக்கு ஓட்டக்காரி சொன்ன சொல் அது. அடுத்த நாளிலிருந்து ஹோலின் நடுவில் குளித்துத் துடைக்கிற துவாயை நாலாக மடித்துப் போட்டு, கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்காமல், நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கினாள். முதல் நாள் அரை நிமிடம். சுவரில் மணிக்கூடு இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே ஓடுவாள். பல்லைக் கடித்திருப்பது வெளியிலேயே தெரியும். தொப், தொப், தொப் என்று அந்தத் துவாய்ச் சத்தம். நான் மேசையில் இருந்து படிக்கிற மாதிரி இருப்பேன். அந்த ஒரு மாதத்தில் வாயைத் திறக்க எனக்கு எத்தனையோ நேரம் கிடைத்தது. திறந்தால் குளிசை போய்விடும், அம்மா முகத்தில் முழிக்க முடியாது, போட்டி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

போட்டி நாள் வந்தது. காலையில் சப்பாத்துக் கட்டும்போது எத்தனை மணிக்கு உன்ர ஓட்டம் என்று கேட்டாள். மூன்றரைக்கு என்றேன். வென்றிட்டு வா என்றாள். அம்மா என்னோடு மைதானத்துக்கு வந்தார். அவள் வீட்டில் தனியாக.

நான் வென்றேன். இரண்டு நிமிடம் இருபத்தாறு. பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டே படியேறினேன். கதவைத் திறந்தால் ஹோல் நடுவில் அவள் கிடந்தாள். ஒரு கால் வேறு யாருடையதோ போல வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. துவாய் ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. ஃபோன் மேசையில், அவளுக்கு எட்டவில்லை. சத்தம் போட்டால் அக்கம்பக்கம் வரும், பொலிஸ் வரும் என்று கத்தாமலே கிடந்திருக்கிறாள். துவாய் வழுக்கிப்போச்சு பெரியம்மா என்றாள். பிறகு என் பதக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைக் கொடுத்தோம், வேறு வழியில்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பதினொரு மாதம் நாங்கள் பயந்த பயமெல்லாம் அந்த வாசலில் வைத்துப் பயனில்லாமல் போனது. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. விழுந்து முறிந்ததில்லை, முதலே வெடித்திருந்த எலும்பு முறிந்துதான் விழுந்திருக்கிறாள் என்றார் டொக்டர். இரத்தம் பார்த்தார்கள். இவ்வளவு குறைவை நான் அதிகம் கண்டதில்லை, இந்த நாட்டு வெயிலில் எப்படி என்று கேட்டார். அம்மா பெயர் மாற்றி எழுதிய கதையையும் சொல்லி, சரி என்று வந்த பழைய ரிப்போர்ட்டைக் காட்டினார். அப்படியென்றால் அந்த லாப் பிழை விட்டிருக்கிறது என்றார் அவர். அம்மா என்னைப் பார்த்தார். ஓம், லாப்பில்தான் பிழை விட்டிருப்பினம் என்று நானும் சொன்னேன்.

அன்று பின்னேரமே அம்மா கொட்டாஞ்சேனை அன்ரிக்கு ஃபோன் எடுத்து வாய்க்கு வந்தபடி பேசினார். அன்ரி அழுதது ஃபோனுக்கு வெளியேயும் கேட்டது. அதற்குப் பிறகு அவர்கள் இரண்டுபேரும் கதைக்கவே இல்லை. நத்தாருக்கு வரும் கேக்கும் நின்றுபோனது. அம்மாவின் செத்தவீட்டுக்கு அன்ரி வந்து, கடைசி வரிசையில் இருந்துவிட்டு, ஒருவரோடும் கதைக்காமல் போனார். நான் எழும்பிப் போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். எழும்பவில்லை.

அவளுக்கு இடுப்பில் ஆணி வைத்தார்கள். எட்டு மாதம் கழித்து இரண்டு ஊன்றுகோல்களோடு கனடாவுக்குப் போனாள். இப்போது ஒரு பக்கம் சாய்ந்து நடப்பாள். அதற்குப் பிறகு ஓடவே இல்லை.

நான் அதே ஃபிளாட்டில்தான் இருக்கிறேன். திரைச்சீலையை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டேன். பேய், பிசாசு என்று யாராவது கதைத்தால் போய் வேலையைப் பார் என்கிறவள் நான். ஆனாலும் லீவு நாட்களில், பின்னேரம் மூன்றரை மணிபோல, தனியாக இருந்து கொப்பி திருத்தும்போது ஹோலில் அந்தச் சத்தம் கேட்கும். தொப், தொப், தொப். தலையை நிமிர்த்த மாட்டேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். நின்ற பிறகுதான் எனக்கு நெஞ்சு பதறும்.

இதில் இன்னொரு கூத்து. கனடாவிலிருந்து யார் வந்தாலும் அவள் எனக்கு ஒரு பெரிய போத்தல் விற்றமின் டி கொடுத்துவிடுவாள். உனக்கும் குறைவுதானே, மறக்காமல் போடு என்று மூடியில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். பதினாலு போத்தல் அலுமாரிக்குள் இருக்கிறது. ஒன்றையும் திறக்கவில்லை, ஒருவருக்கும் கொடுக்கவுமில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஃபோன் எடுத்தாள். அவளுடைய மகளுக்குப் பதினாலு வயது, பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீற்றர் ஓடுகிறாள். எங்கள் ரெண்டுபேருக்கும் குறைவு, அப்ப இது பரம்பரைதானே, அதால பிள்ளைக்கு நான் இப்பவே குடுக்கத் துடங்கிட்டன் என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். ஒரு நாளைக்கு அவ்வளவு கொடுத்தால் பிள்ளைக்கு நஞ்சு, உடனே நிப்பாட்டு, இரத்தத்தைப் பார் என்றேன்.

"ரத்தப் பரிசோதனையை எல்லாம் நான் நம்பமாட்டன். கொட்டாஞ்சேனையில ஒண்டுமில்லை எண்டுதானே எழுதினவை. அதை நம்பித்தானே என்ர கால் போனது."

வேறு எதையாவது சொல்லித் தப்பலாமா என்று அப்போதும் ஒரு கணம் பார்த்தேன். அதுவும் நான்தான். பிறகு சொன்னேன்.

"கொட்டாஞ்சேனையில பிழை விடேல்லை. ரெண்டு ரிப்போர்ட்டும் சரி. குறைவா வந்தது உன்ர. திகதி பார்த்தனான், எனக்குத் தெரியும். உன்ரயை என்ர எண்டு நான்தான் அம்மாட்டக் குடுத்தனான். குளிசைக்கு ஆசைப்பட்டு."

ஃபோனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. பின்னால் எங்கேயோ பைப்பில் தண்ணி ஓடுகிற சத்தம் கேட்டது, யாரோ அதைப் பூட்டினார்கள். பேசு, தூஷணத்தால் பேசு, அழு, ஏதாவது செய் என்று எனக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

"பிள்ளைக்கு நாளைக்கே ரத்தம் பார்க்கிறன்," என்றாள். பிறகு, "அண்டைக்கு நீ எத்தினையில முடிச்சனி?" என்று கேட்டாள்.

"ரெண்டு நிமிசம் இருபத்தாறு."

"மூண்டரைக்கு நானும் துடங்கினனான். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, துவாயில," என்றாள். "ரெண்டு நிமிசம் வரைக்கும் உன்னோட வந்தனான்."